அறளை அன்று, அது நோய்

"வயது போய்விட்டது, அறளை பெயர்ந்துவிட்டது" என்னும் வார்த்தையைக் கேளாத செவி வடமராட்சியில் இல்லை. நெல்லியடிச் சந்தையிலும் கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் இழவு வீட்டிலும் அது மிகச் சாதாரணமாகப் புழங்குகின்றது. சொல்வோர் தீய எண்ணத்துடன் சொல்வதில்லை. பலர் அன்போடு சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். ஆயினும் சொல்லப்பட்ட கணமே அது ஒரு தீர்ப்பாகிவிடுகின்றது. விசாரணையில்லை, சாட்சியமில்லை, வைத்தியர் ஒருவரின் அபிப்பிராயமுமில்லை. அயலும் சுற்றமும் கூடி உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் கணக்கை மூடிவிடுகின்றன. அன்றுமுதல் அவர் சொல் சபையேறாது. அவர் அழுதால் அது குழந்தைத்தனம்; கோபித்தால் அது பைத்தியம்; பசிக்கிறது என்றால் "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்" என்ற அதட்டல். அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் எண்ணமும் எவருக்கும் தோன்றுவதில்லை. முதுமைக்கு மருந்துண்டோ என்று கேட்டு, அத்துடன் அமைந்துவிடுகின்றனர்.

இத்தீர்ப்பை எதிர்த்து நாம் தமிழ் மக்களின் மன்றில் மேன்முறையீடு செய்கின்றோம்.

முதுமை வேறு, இந்நோய் வேறு. தொண்ணூறு வயதிலும் தோட்டக் கணக்கைப் பிசகின்றிச் சொல்லும் கமக்காரரை நாம் அறிவோம். அறுபது வயதிலேயே சொந்தப் பிள்ளையின் பெயரைத் தேடித் தவிப்போரையும் அறிவோம். வயதே காரணமாயின் முன்னவர் எங்ஙனம் தப்பினார்? மூளையின் உயிரணுக்களும் அவற்றிடையே உள்ள தொடர்புகளும் நோயினாற் படிப்படியாக அழிவதனாலே நினைவும், சிந்தனையும், மொழியும், தீர்மானிக்கும் ஆற்றலும், ஈற்றில் தன் உடலைத் தானே பேணும் திறனும் குன்றிப்போகும் நிலையினையே வைத்திய உலகம் டிமென்சியா என்கின்றது. தமிழில் மறதி நோய் என்று வழங்குகின்றோம். வயது ஏற ஏற இந்நோய் வரும் வாய்ப்பு மிகும் என்பது உண்மை. ஆனால் முதுமையின் தவிர்க்கவொண்ணாத விதியாக அதனைக் கொள்வது தவறு.

எது சாதாரண மறதி, எது நோய்? திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடுவது யாவர்க்கும் உள்ள மறதி. திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதற்கு உரியது என்று விளங்காமல் நிற்பது நோயின் குறி. கலியாண வீட்டிற் கண்டவரின் பெயர் நாவில் வராமற் போவது இயல்பு. நாற்பது ஆண்டுகளாகப் போய்வந்த நெல்லியடிச் சந்தியிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமற் திகைப்பது இயல்பன்று. ஒரே கேள்வியை அரை மணி நேரத்திற் பத்துமுறை கேட்டல், கைவந்த கறியின் பக்குவம் தவறுதல், காசுக் கணக்கிற் தடுமாறுதல், பகலையும் இரவையும் மாறாடுதல், இறந்துபோனவர்களை எங்கே என்று தேடுதல், சாந்தமான மனிதர் காரணமின்றிச் சந்தேகமும் சினமும் கொள்ளுதல், பிறரோடு பேசப் பின்வாங்கித் தனித்திருத்தல் ஆகியன கவனிக்க வேண்டிய குறிகள். இவை மாதக்கணக்கில் நிலைத்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், வைத்தியரை நாடத் தாமதித்தலாகாது.

1906 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜேர்மன் வைத்தியர், தாம் சில ஆண்டுகளாகக் கவனித்துவந்த ஒரு பெண்மணியின் மூளையில் இறப்பின்பின் கண்ட மாற்றங்களை வைத்தியர் மகாநாடு ஒன்றில் எடுத்துரைத்தார். அப்பெண்மணி நோயுடன் வைத்தியசாலைக்கு வந்தபோது அவருக்கு வயது 51. முதுமையின் கோளாறு என்று ஒதுக்க முடியாத வயது அது. இன்று அவ்வைத்தியர் பெயராலேயே வழங்கும் அல்சைமர் நோயே மறதி நோய்களுள் மிகுதியானது. பத்துப் பேருக்கு ஆறு அல்லது ஏழு பேரிடம் காணப்படுவது அதுவே. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதுறுவதால் வருவது மற்றொரு வகை. சலரோகமும் இரத்த அழுத்தமும் மலிந்த எமது பகுதியில் இவ்வகையை நாம் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எண்களின் சாட்சியம்

உலகில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் புதிதாக இதற்கு ஆளாகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இவர்களிற் பெரும்பான்மையோர் வாழ்வது செல்வ நாடுகளில் அல்ல, எம்போன்ற நாடுகளிலேதான். 1998 இல் கேரளத்துக் கொச்சியிற் கூடிய ஆராய்ச்சியாளர்கள், தம் குழுவுக்கு "பத்தின்கீழ் அறுபத்தாறு" என்று பொருள்பட ஒரு பெயரைச் சூட்டினர். நோயாளரில் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் வறிய நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அந்நாடுகளில் நிகழவில்லை என்னும் அநீதியைப் பெயரிலேயே பொறித்துவைத்தனர். அக்குழுவின் ஆய்வுக்களங்களுள் தமிழ்நாட்டின் சென்னையும் வேலூரும் இடம்பெற்றமை எமக்கு ஆறுதல் தருவது. இந்தியாவில் 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறக்குறைய 88 இலட்சம் பேர், இந்நோயுடையோர் என்று 2023 இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது.

இலங்கையிலும் ஒரு கணக்குண்டு. ராகமைப் பகுதியில் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வு, 65 வயது கடந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வருக்கு இந்நோய் இருப்பதாகக் காட்டிற்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்நாட்டில் 65 வயது கடந்தோர் 7.9 வீதம், 2024 மதிப்பீட்டில் அத்தொகை 12.6 வீதம். பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் பொருளை நாம் உணர்ந்துள்ளோமா? ஒரு கிராம அலுவலர் பிரிவில் அவ்வயதினர் இருநூறு பேர் இருப்பார்களாயின், ராகமைக் கணக்கின்படியே அவர்களுள் எட்டுப்பேர் மறதி நோயாளர். எட்டு நோயாளர் எனின் எட்டு வீடுகள். அவ்வீடுகளில் இரவிற் கண்மூடாத எட்டுப் பெண்களேனும் இருப்பர்.

வெறிதாகிய வீடுகள்

எங்கும் உள்ள நோய்தானே. எமக்கென்று தனியாகக் கவலைப்பட யாதுளது என்று வினவுவார் இருக்கலாம். உண்டு என்பதே எமது விடை.

முன்னாளில் எம்மவர் முதுமையைத் தாங்கியது சர்க்காருமன்று, சட்டமுமன்று. ஒரே வளவுக்குள் மூன்று தலைமுறை வாழ்ந்த வாழ்க்கையே அதனைத் தாங்கிற்று. பேரன் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றான், மகள் சோறூட்டினாள், அயல் வீட்டார் படலையைக் கடந்து வெளியேறும் கிழவரைக் கண்டால் திருப்பி அழைத்து வந்தனர். அக்கட்டமைப்பு இன்று எங்கே? 1983 ஆம் ஆண்டின் பின் எமது இளைஞர் கப்பலேறினர். 1987 மே மாதத்து இராணுவ நடவடிக்கை வடமராட்சியை உலுக்கியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து வந்தபோது, இம்மண் தன் வறுமையோடு பிறர் துயரையும் சுமந்தது. போர் ஓய்ந்த பின்னரும் பயணம் ஓயவில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் பிள்ளைகள். நெல்லியடியிலும் கரவெட்டியிலும் பூட்டிய அறைகளுடன் பெரிய வீடு. அதில் ஒரு மூதாட்டி அல்லது முதியவர் மாத்திரம். பணம் மாதந்தோறும் தவறாமல் வருகின்றது. கைப்பிடித்து நடத்த ஒரு கை வருவதில்லை.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்நோயின் தொடக்கத்தில், பத்து நிமிடப் பேச்சில் நோயாளர் தம் குறையை மறைத்துவிட வல்லவர். "சுகமாய் இருக்கிறன், நீ சாப்பிட்டியோ" என்னும் பழகிய வாக்கியங்கள் நெடுநாள் நிலைத்து நிற்கும். தொலைபேசியிற் தாயின் குரல் தெளிவாயிருந்தது கொண்டு அவர் நலமாயிருக்கிறார் என்று முடிவுகட்டாதீர்கள். இன்று காலை என்ன சமைத்தீர்கள், நேற்று யார் வந்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொன்னதை அயலவரிடம் சரிபாருங்கள். பெற்றோரை அங்கே அழைத்துக்கொள்வதே தீர்வு என்று எண்ணுவோரும் ஒன்றை அறிதல் வேண்டும். பிற்காலத்திற் கற்ற மொழி முன்னரே மறந்து, தாய்மொழி மாத்திரம் எஞ்சுவது இந்நோயிற் பலருக்கு நேர்வது. சுற்றிலும் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசும் ஒரு பராமரிப்பு நிலையத்தில், தாகம் என்பதைத் தமிழில் மாத்திரம் சொல்லத் தெரிந்த தாயின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் ஆவணங்களை இழந்த மக்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் புகைப்படங்களும் எத்தனை வீடுகளில் அழிந்தன என்பதற்குக் கணக்கில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் காணி எல்லையை, இருந்த கிணற்றை, நின்ற பூவரசை இன்று அறிந்தவர் யார்? முதியவர்களே. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 ஆம் ஆண்டு தொடக்கம் வீதியோரப் பந்தல்களில் அமர்ந்த தாய்மார்களின் வாக்குமூலம் எங்கே உள்ளது? அவர்தம் நினைவிலேயே. அப்பெற்றோரிற் பலர் விடை காணாமலே கண்மூடினர். சட்டம் அறிந்தோர் என்ற முறையில் நாம் கூறுகின்றோம்: இம்மண்ணின் முதியவர்களின் நினைவு வீட்டுக்கதை மாத்திரமன்று, அது சாட்சியம். அந்நினைவு அழிய விடுவது இரண்டாவது எரிப்புக்கு நாமே கைகட்டி நிற்பதை ஒக்கும். நினைவு தெளிவாயிருக்கும்போதே அவர்கள் அறிந்ததை எழுத்திற் பதிந்து, சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசியாக முடித்து வைத்தல் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையுமாகும்.

மீளக்கூடிய மறதி

"மாற்ற முடியாத நோய், வைத்தியரிடம் போய் யாது பயன்?" என்பதே நாம் அடிக்கடி கேட்கும் வாதம். இது முழு உண்மையன்று. பலரின் வாழ்வைக் கெடுக்கும் அரை உண்மை.

முதலாவதாக, மறதி நோய் போற் தோன்றுவன யாவும் மறதி நோயல்ல. தைரொயிட் சுரப்பின் குறைவு மனதை மந்தமாக்கும், மாத்திரையாற் சீராகும். உயிர்ச்சத்து பி பன்னிரண்டு குறைந்தால் நினைவு தடுமாறும். அச்சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே உள்ளது. ஆதலாற் சைவ போசனம் உண்டு, பாலும் குறைத்துக்கொண்ட எமது முதியோரும், சலரோகத்துக்கு மெற்போமின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்போரும் இதைப் பரிசோதித்தல் நன்று. மனச்சோர்வு மறதியாக வேடமிடுவதுண்டு; பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் மௌனத்தை அறளை என்று பெயரிட்டு ஒதுக்கியது எத்தனை வீடுகளில் நிகழ்ந்ததோ! வழுக்கி விழுந்து சில வாரங்களின் பின், மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கி அறிவு குழம்பலாம். சிறுநீர்த் தொற்றினாலும், ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகளாலும் இரண்டு நாளில் மனிதர் தலைகீழாக மாறலாம். இவை கண்டறியப்பட்டாற் தீர்க்கத்தக்கவை. அறளை என்ற ஒரு சொல்லால் இவர்களையும் தீராத நோயாளராக்குவது எவ்வளவு கொடுமை!

இரண்டாவதாக, உண்மையான மறதி நோயையும் பெருமளவு தள்ளிப்போடலாம், பலருக்குத் தடுக்கலாம். இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செற் வைத்திய ஏடு அமைத்த ஆணைக்குழு, 2024 ஆம் ஆண்டு அறிக்கையிற் பதினான்கு காரணிகளைச் சுட்டிற்று. அவை யாவும் நீக்கப்படுமாயின் உலகின் மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதம் வராமலே தடுக்கவோ பின்தள்ளவோ இயலும் என்பது அதன் முடிபு. கல்விக் குறைவு, செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு, தலையிற் படும் காயம், இரத்த அழுத்தம், சலரோகம், கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மிகுகுடி, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு என்பன அவை. இப்பட்டியலை வாசிக்கும் எவரும் தம் வீட்டையும் ஊரையும் அதிற் காண்பர்.

கமக்காரர் கவனத்துக்குச் சில கூறுவோம். புகையிலை எமது குடாநாட்டின் பழைய பணப்பயிர். ஆனால் விளைவித்தவரின் மூளையையும் இரத்தக் குழாயையும் சுருட்டு விட்டுவைப்பதில்லை. மாலையிற் கள்ளும் சாராயமும் அளவு கடப்பது அங்ஙனமே. பனையிலும் தென்னையிலும் ஏறுவோர், மோட்டார் சைக்கிளிற் தலைக்கவசமின்றிச் சந்தைக்கு விரைவோர், தலையில் அடிபட்டால் அதன் வினை இருபது ஆண்டுகள் கழித்தும் வரும் என்பதை அறிக. தோட்டத்தில் உழைத்த உடல், நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் ஓய்ந்துவிட்டது; நடை குறைந்தது; தட்டிற் சோறு குறையவில்லை. உத்தியோகத்தர்க்கோ மேசையும் கதிரையுமே உலகம். இளைப்பாறிய அடுத்த நாள் முதல் திண்ணையும் தொலைக்காட்சியுமே துணை. நாற்பது வயதில் அளக்காமல் விட்ட இரத்த அழுத்தம் எழுபது வயதில் வட்டியோடு வசூலிக்கும். 2011 ஆம் ஆண்டு தொடக்கம் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அமைக்கப்பட்டுவந்தன. அங்கே இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. ஆண்கள் அவ்வாசலை மிதிக்க நாணுவது ஏன்?

செவியைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். பதினான்கு காரணிகளுள் முன்வரிசையில் நிற்பது அது. எறிகணைகளும் விமானக் குண்டுகளும் வெடித்த சத்தத்திடையே வாழ்ந்த தலைமுறை இப்போது முதுமையடைந்துள்ளது. காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகின்றார். ஒதுங்கியவரைப் பிறரும் ஒதுக்குகின்றனர். மூளைக்கு வேலை அற்றுப்போகின்றது. கண்ணாடி அணிவதை எவரும் இழிவாகக் கருதாத ஊரில், காதுக்கருவி அணிவது மாத்திரம் வெட்கமாவது என்ன நியாயம்? கண்ணில் வெண்படலம் மூடியவருக்குச் சிறு சத்திரசிகிச்சை ஒளி தரும். அதுவும் மறதியைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை வைத்து ஈராண்டு நடத்திய ஆய்வின் பெறுபேறு 2015 இல் வெளிவந்தது. நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒருங்கே பெற்றவர்கள், சாதாரண ஆலோசனை மாத்திரம் பெற்றவர்களைவிடச் சிந்தனைத் திறனில் முன்னின்றனர். குரக்கனும் கீரையும் மீனும் பயறும் கொண்ட எமது பழைய உணவும், விரத நாளிற் கோயிலைச் சுற்றும் நடையும், புராண படனமும் இதற்கு அந்நியமானவையல்ல.

நோயுற்றவரும் பராமரிப்பவரும்

நோய் வந்துவிட்ட வீட்டுக்கு அறிவுரை வேறு. நோயாளரோடு வாதாடாதீர்கள். இறந்துபோன தாயை அவர் தேடினால், "செத்து முப்பது வருடமாயிற்று" என்று ஒவ்வொரு முறையும் சொல்வது, ஒவ்வொரு முறையும் இழவு சொல்வதாகும். தாயைப் பற்றிப் பேசவிடுங்கள், மனம் அமைதியுறும். சொந்த வீட்டின் விறாந்தையிலிருந்துகொண்டே "வீட்டை போவம்" என்று கேட்பார். அவர் தேடுவது சிறுவயதில் வாழ்ந்த வீடும் அங்கிருந்த பாதுகாப்பும் ஆகும். அடித்தலும் கட்டிவைத்தலும் அறையிற் பூட்டுதலும் கொடுமை. பேய் என்றும் சூனியம் என்றும் பரிகாரம் தேடிக் காசையும் காலத்தையும் இழத்தல் பேதைமை. எமது வளவுகளிற் பெரும் ஆபத்துக் கிணறு. கட்டு உயர்த்தி மூடியிடுங்கள். படலைக்கு ஒலிக்கும் மணி கட்டுங்கள். அடுப்பும் மண்ணெண்ணெயும் பூச்சிநாசினியும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பராமரிப்பவரை எவரும் நினைப்பதில்லை. அவர் பெரும்பாலும் மகள், அல்லது மருமகள், அல்லது தாமும் முதியவரான மனைவி. உத்தியோகத்தை விட்டவர், கலியாண வீட்டுக்குப் போகாதவர், ஓரிரவு முழுத்தூக்கம் அறியாதவர். அவர் சலித்து ஒரு வார்த்தை கடிந்தால் ஊர் பழிக்கின்றது; அவர் பாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் ஏற்க ஊர் முன்வருவதில்லை. பெண்ணின் கடமை என்று சொல்லி ஆண்மக்கள் தப்பித்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் கண்டிக்கின்றோம். பணம் அனுப்பும் சகோதரர், பராமரிக்கும் சகோதரியின் உழைப்பையும் கணக்கிற் சேர்ப்பாராக.

சட்டம் கூறுவது

சட்டத்தின் பக்கத்தையும் விளக்குதல் எமது பொறுப்பு. மறதி நோய் என்று வைத்தியர் கூறியவுடனே ஒருவர் தம் உரிமைகளை இழப்பதில்லை. எழுதும் ஆவணத்தின் தன்மையை உணரும் நிலை இருக்கும்வரை அவர் மரணசாசனமும் உறுதியும் முடிக்கலாம். ஆதலால் நோய் தொடங்கிய காலத்திலேயே, வைத்தியச் சான்றும் பெற்றுக்கொண்டு, நொத்தாரிசிடம் காரியங்களை ஒழுங்குசெய்தல் வேண்டும். காலங்கடந்து, உணர்வற்ற கையைப் பிடித்து வைத்த கைநாட்டு, பருத்தித்துறை நீதிமன்றில் இரண்டு தலைமுறை வழக்காக முடியும். வளவு முழுவதையும் பிள்ளைகளுக்கு எழுதும்போது தம் சீவிய உருத்தை ஒதுக்கிக்கொள்ளாத பெற்றோர் பின்னர் வருந்துவர்.

அற்றோணித் தத்துவம் இருக்கின்றது, போதும் என்று பலர் நம்புகின்றனர். கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தபின் அத்தத்துவத்தின் வலு அறுந்துவிடும் என்பதே எமது பொதுச்சட்டத்தின் நிலை. வேண்டிய வேளையிற் பயனற்றுப்போகும் கருவி அது. அதன்பின் மாவட்ட நீதிமன்றை நாடி, சொத்தை நிருவகிக்க ஒருவரை நியமிக்குமாறு விண்ணப்பித்தல் வேண்டும்; அது நாளும் பணமும் தின்னும் வழி. இங்கிலாந்து 1985 இலும் பின்னர் 2005 இலும் சட்டமியற்றி, அறிவிழந்த பின்னும் நிலைக்கும் அற்றோணித் தத்துவத்துக்கு இடமளித்தது. தக்க காவல்களுடன் அத்தகைய ஏற்பாடு இந்நாட்டுக்கும் வேண்டும் என்று நாம் கோருகின்றோம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என்று பிள்ளைகளுக்குக் கடமை விதித்து, பராமரிப்புச் சபையிடம் முறையிடும் வழியையும் திறந்தது. நன்று. ஆனால் தாம் புறக்கணிக்கப்பட்டதையே மறந்துவிட்ட தாய் எங்ஙனம் முறையிடுவார்? அவர்பொருட்டு முறையிட ஊர் இருத்தல் வேண்டும்.

செய்யவேண்டியவை

ஊர் எவ்வாறு எழலாம் என்பதற்கு யப்பான் ஓர் எடுத்துக்காட்டு. அந்நாட்டில் இந்நோய்க்கு வழங்கிய பழைய பெயர் மூடத்தனம் என்னும் பொருள் தந்தது. 2004 இல் அரசாங்கமே அப்பெயரை நீக்கி, அறிதல் சார்ந்த நோய் என்று பொருள்படும் புதுப்பெயரை ஆக்கிற்று. மறு ஆண்டிலே, ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வகுப்பொன்றில் இந்நோயைப் பற்றிப் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் இயக்கத்தைத் தொடங்கிற்று. கடைக்காரர், வங்கி ஊழியர், பொலிசார், பள்ளிப் பிள்ளைகள் என ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அவ்வகுப்பைப் பெற்றனர். பெயர் மாற்றத்தில் தொடங்கிய வேலை வீதிவரை வந்தது.

எமது கோரிக்கைகள் இவை. மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில், குறித்த நாளில் நினைவாற்றற் பரிசோதனை நிலையாக நடைபெறுதல் வேண்டும். அப்பரிசோதனை எமது பேச்சுத் தமிழில், மாரியும் கோடையும் விதைப்பும் அறுவடையும் அறிந்தவருக்கு ஏற்றதாய், பள்ளி செல்லாதவரையும் குறைத்து மதிப்பிடாததாய் அமைதல் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் உத்தியோகத்தர்களுக்கு இந்நோயின் குறிகளிற் பயிற்சி தருதல் வேண்டும். 1978 இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தார், குடாநாட்டுக்கென ஊர்வாரியான கணக்கொன்றை எமக்குத் தருவாராக. சுகாதாரம் மாகாணத்துக்குரிய விடயம் என்று 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் கூறுகின்றது. ஆயினும் 2018 ஒக்ரோபரில் வட மாகாணசபையின் பதவிக்காலம் முடிந்தபின், மக்கள் தெரிந்த சபையின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு விடையில்லாமை நோயாளருக்கும் இழைக்கப்பட்ட அநீதியே. அதனைச் சுட்டிக்காட்டுவோம், ஆனால் அதனைச் சாட்டாக வைத்துக்கொண்டு கைகட்டியிருக்கமாட்டோம்.

ஏனெனில், மிகுதி வேலை எமது கையிலேயே உளது. ஒவ்வொரு சனசமூக நிலையமும் வாரத்தில் இரண்டு பிற்பகல்களேனும் முதியோர் கூடிப் பேசவும் பாடவும் பத்திரிகை வாசிக்கக் கேட்கவும் கதவு திறக்கட்டும். பராமரிக்கும் பெண்ணுக்கு அவ்விரு பிற்பகல்களும் ஓய்வாகட்டும். கோயில் அறங்காவலர், அன்னதானத்தோடு காதுக்கருவி தானத்தையும் அறமாகக் கொள்ளட்டும். நெல்லியடி வர்த்தகர்களும் பஸ் நடத்துநர்களும் முச்சக்கரவண்டிச் சாரதிகளும், ஒரே பொருளை இருமுறை வாங்குபவரையும் இறங்குமிடம் தெரியாது விழிப்பவரையும் ஏமாற்றாமற் காப்பது எப்படி என்று ஓர் ஒன்றரை மணி நேரம் கற்கட்டும். மத்திய கல்லூரி முதலாக எமது பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர், முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவாக்கும் பணியை ஏற்கட்டும். பேசுபவர் மூளைக்கும் அது மருந்து, எமது வரலாற்றுக்கும் அது ஆவணம். வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள், கோபுரத்துக்கு வர்ணம் பூச அனுப்பும் பணத்திற் பத்திலொரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும். ஊரும் சாதியும் கட்சியும் பாராமல் யாவரையும் பற்றும் நோய்க்கு, அவை பாராமலே யாவரும் கூடிப் பணிசெய்தல் வேண்டும்.

பூரண குணம் தரும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. உள்ள மாத்திரைகள் சிலருக்குச் சிலகாலம் துணைபுரிவன. அண்மை ஆண்டுகளில் வெளிவந்த புதிய ஊசிகள் நோயின் வேகத்தைச் சிறிது குறைப்பனவேயன்றி நிறுத்துவனவல்ல, விலையோ எட்டாதது, மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் உண்டாக்கும் ஆபத்தும் உண்டு. ஆதலால் மருந்து வரட்டும் என்று காத்திருக்க எமக்கு அவகாசமில்லை.

செப்ரெம்பர் 21 ஆம் நாள் உலக அல்சைமர் தினம். அந்நாளுக்குக் காத்திராமல், இவ்விதழை வாசிக்கும் ஒவ்வொருவரும் இவ்வாரமே மூன்று காரியங்கள் செய்யுமாறு வேண்டுகின்றோம். உமது இரத்த அழுத்தத்தை அளப்பித்துக்கொள்ளும். தனித்து வாழும் ஒரு முதியவரின் படலையைத் திறந்து, அரை மணி நேரம் அவர் பேசுவதைக் கேளும். எவரேனும் உமது முன்னிலையில் "அறளை" என்று ஒருவரைத் தள்ளுவாராயின், "வைத்தியரிடம் காட்டினீர்களா?" என்று திருப்பிக் கேளும். அந்தக் கேள்வி எத்தனை வீடுகளிற் கேட்கப்படுகின்றதோ, அத்தனை வீடுகளிலேனும் ஒரு மனிதருக்கு நியாயமான விசாரணை கிடைக்கும்.